கடல் கடந்து வந்தவர்களைத் தாங்கியவர்கள்

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நூறாண்டு கடந்த பெண்கள் பாடசாலைகளின் வரலாறுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. கடல் கடந்து ஒரு பெண் வருகிறார், விரல்விட்டு எண்ணக்கூடிய சிறுமிகளோடு ஒரு வகுப்பைத் தொடங்குகிறார், ஊர் எதிர்க்கிறது, பின்னர் ஏற்றுக்கொள்கிறது. நூற்றாண்டு மலரில் அவருடைய படத்துக்குக் கீழே ‘தியாகம்’ என்ற சொல் இடம்பெறுவதோடு கதை முடிகிறது. அந்தப் பெண் அழுதபோது யாரிடம் அழுதார், நோயில் கிடந்தபோது தலைமாட்டில் யார் இருந்தார், விசுவாசம் தளர்ந்த நாட்களில் யாரோடு சேர்ந்து செபித்தார் என்ற கேள்விகளுக்கு அந்த மலர்களில் இடமில்லை. இவை அந்தரங்கமான கேள்விகள், வரலாற்றுக்கு உரியவை அல்ல என்று சிலர் கருதலாம். நான் அப்படிக் கருதவில்லை. ஒரு பெண் நாற்பது ஆண்டு நின்று பணி செய்ததும் இன்னொருவர் விலக நேர்ந்ததும் இந்தக் கேள்விகளோடு நெருங்கிய தொடர்புடையவை. கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: இந்தப் பெண்களை அனுப்பிய சபைகள் பணமும் செபமும் தந்தன, ஆனால் மனத்தைத் தாங்கியவர்கள் பக்கத்தில் இருந்த பெண்கள். அந்தப் பெண்களில் பலர் இந்த மண்ணின் பெண்கள்.

தொடக்கம் கொழும்பு அல்ல, யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் அங்கே 1816இல் கால்வைத்தது. கணவரோடு 1820இல் வந்த ஹரியட் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1833 ஜனவரியில், நாற்பது வயதைத் தொடும் முன்பே இறந்துபோனார். அவருடைய நினைவு நூலைக் கணவர் மைரன் வின்ஸ்லோ தொகுத்து 1835இல் நியூயோர்க்கில் வெளியிட்டார். ஹரியட்டின் மூன்று சகோதரிகளும் அவரைப் பின்பற்றி மிஷனரி மனைவியராக யாழ்ப்பாணம் வந்தவர்கள். ஒரு வீட்டின் நான்கு பெண்கள் ஒரே தீவுக்குக் கடல் கடந்தது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்தி அவர்களை அழைத்தது என்பது உண்மை. அக்கா வாழ்ந்த ஊர் என்பதும் அந்த அழைப்பின் ஒரு பகுதியாக இருந்திருக்க வேண்டும். அக்காலத்தில் பாய்க்கப்பலில் பொஸ்டனிலிருந்து யாழ்ப்பாணம் சேர மாதக்கணக்கில் ஆகும். ஒரு துக்கத்தை எழுதி அனுப்பினால் அதற்கு ஆறுதல் திரும்பி வருவதற்குள் ஓராண்டு போய்விடும். அதற்குள் அந்தத் துக்கமே வேறொன்றாகியிருக்கும்.

கடிதங்களின் கதை இன்னும் சிக்கலானது. மிஷனரிப் பெண்கள் எழுதிய கடிதங்கள் உறவினரோடு நின்றுவிடவில்லை. அவை தேவாலயங்களில் வாசிக்கப்பட்டன, பத்திரிகைகளில் அச்சேறின. 1868இல் பொஸ்டனில் பெண்களே நடத்தும் மிஷன் சபை தோன்றியபின் இந்த வாசிப்புக்கென்றே ஓர் இதழ் வந்தது. ஊர்ச் சபைகளின் பெண்கள் சதம் சதமாகச் சேர்த்து ஓர் ஆசிரியையின் சம்பளத்தைத் தாங்கினார்கள். அவர்களுடைய அன்பைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் அந்த வாசகர்களுக்கு எழுதும் பெண் எதை எழுத முடியும்? மனம் மாறிய மாணவியைப் பற்றி எழுதலாம், கட்டி முடியாத கூரையைப் பற்றி எழுதலாம். ‘எனக்கு இங்கே பேச ஆளில்லை, இரவில் தூக்கம் வருவதில்லை’ என்று எழுதினால் அடுத்த மாத நன்கொடை குறையலாம், திருப்பி அழைக்கப்படவும் கூடும். இப்படித் தாய்நாட்டுக்குச் சென்ற கடிதம் ஆறுதலைப் பெற்றுத் தந்ததைவிட அதிகமாக, அங்கே இருந்தவர்களின் ஊக்கத்தைக் காப்பாற்றும் வேலையைச் செய்தது. தூரத்தில் இருப்பவர் பார்வையாளராகிவிடுகிறார். பார்வையாளருக்கு முன்னால் யாரும் எளிதில் அழுவதில்லை.

இதற்கு எதிர்ச்சான்றாக எலைசா அக்னியூவைக் காட்டலாம். பெற்றோர் இருவரும் இறந்தபின் தனியாகக் கப்பலேறி 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்தவர், திருமணமாகாதவர். உடுவில் பாடசாலையை ஏறத்தாழ நாற்பது ஆண்டு நடத்தினார். 1883இல் இறக்கும்வரை ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பவில்லை. யாருடைய ஆதரவும் இல்லாமல் பக்தி ஒன்றினாலேயே ஒரு பெண் நிற்க முடியும் என்பதற்கு அவரை உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அவருடைய வாழ்க்கை காட்டுவது வேறு என்பேன். ‘ஆயிரம் பெண்மக்களின் தாய்’ என்று அவரை அழைத்தார்கள். அது அலங்காரப் பட்டம் அல்ல. தலைமுறை தலைமுறையாக அவரிடம் படித்த பெண்கள் மணமாகிப் போன வீடுகளுக்கு அவர் போனார், அவர்களுடைய மகள்மார் மறுபடி அவரிடமே படிக்க வந்தார்கள். வலிகாமத்தின் ஊர்களில் அவர் நுழையக்கூடிய அடுக்களைகள் ஏராளம் இருந்தன. 1879இல் ஓய்வு பெற்றபின் அவர் தனியாக விடப்படவும் இல்லை. வெர்மொண்டிலிருந்து வந்த மேரி, மார்கரெட் லீச் சகோதரிகளின் மானிப்பாய் இல்லத்தில் இறுதிக் காலத்தைக் கழித்தார். ஊருக்குத் திரும்பாததை வைராக்கியம் என்று மட்டும் சொல்வது அவருடைய மாணவிகளுக்கு இழைக்கும் அநீதி. திரும்பிப் போக அங்கே அவருக்கு யார் இருந்தார்கள்? அவருடைய சொந்தபந்தம் எல்லாம் இங்கே, தமிழில், வளர்ந்திருந்தது.

இனிக் கொழும்பின் கொட்டாஞ்சேனைக்கு வருவோம். நல்லாயன் கன்னியர் 1869இல் இங்கே மடம் அமைத்தார்கள். சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். கொழும்புத் துறைமுகத்தின் பெரிய அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்ட இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. புனித லூசியா பேராலயமும் இன்றைய பெருங்கோபுரமாக எழுந்திருக்கவில்லை. பரதவரும் கொழும்புச் செட்டிகளும் கடலோடிகளும் கடைக்காரர்களும் நெருங்கி வாழ்ந்த கத்தோலிக்க வட்டாரம் அது. அங்கு வந்த கன்னியர், மிஷன் ஆசிரியைகளைப்போல ஒருவர் இருவராக வரவில்லை. ஒரு குழுவாக, ஓர் ஒழுங்கோடு வந்தார்கள். அந்த ஒழுங்குக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரான்சின் ஆன்ஜே நகரில் அன்னை மேரி யூப்ரேசியா பெல்தியே, தனித்தனியாக இயங்கிய மடங்களை ஒரே தலைமையின் கீழ் இணைக்கும் திட்டத்துக்கு 1835இல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றார். அப்போது பலத்த எதிர்ப்பு எழுந்தது, பெண் ஒருவர் அதிகாரத்தைக் குவிக்கிறார் என்று குற்றம் சாட்டினார்கள். அந்த ஏற்பாட்டின் பலனை உணர்ந்தவர்கள் தொலைதூர மடங்களில் இருந்த சகோதரிகள். ஒரு மடத்தில் ஒருவர் நோயுற்றால் இன்னொரு மடத்திலிருந்து மாற்று ஆள் வரலாம். ஓர் இடம் ஒருவருக்கு ஒத்துவராவிட்டால் அவரை வேறு இடத்துக்கு மாற்றலாம். 1868இல் அவர் இறந்தபோது உலகெங்கும் 110 மடங்கள் இருந்தன. கொட்டாஞ்சேனைக்கு வந்த சகோதரி அந்த நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளோடு இணைந்த ஒரு வீட்டுக்கு வந்தார். விடியற்காலைத் தியானம், ஒரே மேசையில் உணவு, மாலைச் செபம், நோயாளிக்கு ஓர் அறை, இறந்தால் சகோதரிகள் சேர்ந்து பாட ஓர் இரங்கற் பூசை என்று அவருடைய நாள் முழுவதும் பிறரோடு பின்னப்பட்டிருந்தது. அதே கன்னியர் 1902இல் புனித பிரிஜெட் கன்னியர் மடத்தைத் தொடங்கினார்கள். 1862இலேயே யாழ்ப்பாணம் வந்திருந்த திருக்குடும்பக் கன்னியர் 1903இல் வெள்ளவத்தைக்கு அடுத்த பம்பலப்பிட்டியில் தங்கள் மடத்தைக் கட்டினார்கள். தெற்கே நகரம் வளர வளர மடங்களும் நகர்ந்தன. ஒவ்வொரு புதிய வீட்டுக்கும் பின்னால் ஒரு பழைய வீடு துணையாக நின்றது.

மடத்தைச் சொர்க்கமாக்கிக் காட்டுகிறேன் என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அக்கால மட ஒழுங்கு இரு சகோதரிகளுக்கிடையே தனி நட்பு வளர்வதைச் சந்தேகத்தோடு பார்த்தது. கடிதங்களைத் தலைவி வாசித்தபின்னரே உறையில் இட்டார்கள். ஐரோப்பியர் மேல், உள்ளூர்ப் பெண்கள் கீழ் என்ற வரிசை நெடுங்காலம் நிலவியது. வெள்ளைக்காரச் சகோதரிக்குத் தரப்பட்ட ஆறுதலின் சுமையை உள்ளூர்ச் சகோதரியின் உழைப்பு தாங்கிய இடங்களும் உண்டு. இவற்றை மறைத்து எழுதும் வரலாறு எனக்கு வேண்டாம். ஆனால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவை, அருகிருப்பவரோடு நெருங்கவிடாமல் தடுத்ததால் வந்தவை. தனி நட்பைத் தடுத்தபோதும் இன வரிசை போட்டபோதும் மடம் தன் பெரிய பலத்தைத் தானே குறைத்துக்கொண்டது. மடம் பலன் தந்த இடத்திலும் தவறிய இடத்திலும் காரணம் ஒன்றேதான்.

மடங்களுக்குள்ளும் முறிவுகள் நேர்ந்தன. மதுரை மிஷனில் 1876இல் எழுந்த கருத்து மோதலில் இருபது கன்னியர் தங்கள் சபையை விட்டுப் பிரிந்து உதகமண்டலத்தில் கூடினார்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்ற பிரெஞ்சுப் பெண் ஹெலன் தெ சப்போத்தான் அடுத்த ஆண்டே ஒரு புதிய சபைக்கு உரோமையின் அனுமதி பெற்றார். பின்னர் பிரான்சிஸ்கன் மரியாளின் மறைபரப்புச் சகோதரிகள் என்று அறியப்பட்ட சபை அது. அவர்களில் சிலர் 1886இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் நோயாளரைப் பராமரிக்க வந்தார்கள். பிரிந்து போன இருபது பேரும் ஒன்றாகவே போனார்கள் என்பதில் என் கவனம் நிற்கிறது. தனியொரு பெண் அந்த மோதலில் சிக்கியிருந்தால் அவர் அடுத்த கப்பலில் பிரான்சுக்குத் திரும்பியிருப்பார், ஒரு சபையும் பிறந்திருக்காது.

மிஷனரி எமி கார்மைக்கேல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார். ஜப்பானில் உடல்நலம் குன்றி 1894இல் சில மாதங்கள் இலங்கையில் தங்கி, ஊர் திரும்பி, 1895இல் இந்தியா வந்தவர். பின் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அயர்லாந்துக்கோ இங்கிலாந்துக்கோ திரும்பவே இல்லை. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் அவருக்கு உற்ற துணையாக இருந்த பொன்னம்மாள் 1915இல் இறந்தார். அடுத்த ஆண்டு, 1916இல், மணமாகாமல் பணிசெய்யத் துணிந்த தமிழ்ப் பெண்கள் சிலரோடு எமி ஒரு சிறு சகோதரி வட்டத்தை அமைத்தார். அவர்கள் சேர்ந்து வாசித்தார்கள், சேர்ந்து செபித்தார்கள், ஒருவரையொருவர் தாங்கினார்கள். ஆன்மிக ஆதரவு ஓர் உணர்வாக மட்டும் இருந்தால் கரைந்துபோகும், அதற்கு ஒரு நாளும் ஒரு நேரமும் ஓர் அறையும் வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார் போலும். 1931இல் கீழே விழுந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்த அவரைப் பராமரித்தது அந்த டோனாவூர்க் குடும்பமே.

இந்த வாதத்துக்குக் கொழும்பு தரும் மிகக் கூர்மையான சான்று மருத்துவர் மேரி இரட்னம். மேரி ஹெலன் இர்வின் கனடாவின் ஒன்ராறியோவைச் சேர்ந்தவர். அமெரிக்க மிஷனின் பெண்களுக்கான மருத்துவப் பணிக்கென யாழ்ப்பாணம் செல்லவேண்டியவராக 1896இல் இலங்கை வந்தார். வந்த ஆண்டிலேயே தமிழ்க் கிறிஸ்தவரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினத்தை மணந்தார். மிஷன் அவரை ஏற்க மறுத்தது. மணமகன் கிறிஸ்தவர், படித்தவர், அமெரிக்காவிலும் கல்வி கற்றவர். அப்படியிருந்தும் தமிழ் ஆணின் மனைவியாக ஒரு வெள்ளை மருத்துவப்பெண் இருப்பதை அவர்களால் சகிக்க முடியவில்லை. தமிழ்ப் பெண்கள் மீது அன்பு செலுத்த அனுப்பப்பட்டவர் தமிழ்க் குடும்பத்தில் ஒருவராவது எல்லை மீறலாயிற்று. அருகிருப்போர் தரும் ஆதரவு பலமானது என்று இதுவரை சொன்னேன். அந்த நெருக்கம் முழுமையடைந்தபோது அனுப்பியவர்கள் அஞ்சினார்கள். இதைவிட வெளிப்படையாக அந்த அச்சம் தெரிந்த சந்தர்ப்பம் நம் வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மிஷன் கைவிட்ட பெண் என்ன ஆனார்? கொழும்பிலேயே தங்கினார், லேடி ஹவ்லொக் பெண்கள் ஆஸ்பத்திரியிலும் பின்னர் தனியாகவும் மருத்துவம் பார்த்தார். 1904இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தையும் 1909இல் தமிழ்ப் பெண்கள் சங்கத்தையும் தொடங்கியவர்களில் முன்னின்றார். 1927இல் எழுந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் உழைத்தார், நான்கு ஆண்டுகளில் சர்வசன வாக்குரிமை வந்தது. 1930களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய லங்கா மகிளா சமிதி, 1897இல் அவருடைய சொந்த ஒன்ராறியோவில் தோன்றிய கிராமப் பெண்கள் மன்றங்களைப் பின்பற்றியது. 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார், 1958இல் மகசேசே விருது பெற்றார், 1962இல் மறைந்தார். இவற்றைச் சமூக சேவைப் பட்டியலாக வாசிப்பது வழக்கம். எனக்கு இவை வேறொன்றையும் சொல்கின்றன. தன்னைத் தாங்க ஒரு சபை இல்லாமற்போன பெண், வாழ்நாளெல்லாம் பெண்கள் கூடும் வட்டங்களைக் கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு சங்கத்தின் மாதக் கூட்டம், கூட்டத்துக்குப் பின் தேநீர், குழந்தை வளர்ப்புப் பேச்சு, அயலவரின் நோய் விசாரிப்பு ஆகியவை மற்றப் பெண்களுக்குத் தந்ததை அவருக்கும் தந்திருக்கும்.

மிஷன் சபைகள் நலனை முற்றாக மறந்துவிட்டன என்று நான் சொன்னால் அது பொய். அமெரிக்க மதுரை மிஷன் தன் ஆட்கள் நோயில் மடிவதைக் கண்டே 1845இல் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது. கோடை விடுமுறை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாய்நாட்டுப் பயணம், முதுமையில் ஓய்வூதியம் ஆகியவை படிப்படியாக வந்தன. இவை உயிரைக் காத்தன. மலைக்குப் போனவர்கள் அங்கேயும் பெற்றது குளிர்ந்த காற்றை மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் காணாத சக ஊழியரின் முகங்களையும்தான். ஓய்வு விடுதியின் பெரும்பலன் அந்தச் சந்திப்பு என்றே நினைக்கிறேன். மலை இறங்கியபின் பதினொரு மாதம் தாங்கியது யார் என்ற கேள்வி அப்போதும் மீதியாகிறது. அதற்குப் பதில் மறுபடியும் உடுவிலின் மாணவிகள், கொட்டாஞ்சேனையின் சகோதரிகள், டோனாவூரின் பொன்னம்மாள்.

1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலிருந்து கன்னியரும் விலக்கப்பட்டார்கள். ஐரோப்பியப் பெண்கள் கொழும்புக்கு வரும் காலம் அநேகமாக முடிந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நீரோட்டம் எதிர்த்திசையில் திரும்பியது. வளைகுடாவின் எண்ணெய்ச் செல்வம் வீட்டுப் பணிப்பெண்களை அழைத்தது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் வந்தது, 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வேலைக்குப் புறப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலிருக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், விசாவுக்கும் நல்ல எசமானிக்கும் நேர்ந்துகொண்டு புறப்படும் பெண்கள் உண்டு. அவர்களில் பிற மதத்தினரும் பலர். வெள்ளவத்தை விடுதிகளில் வடக்கிலிருந்து வந்து வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருக்கும் பெண்களும் காலி வீதியின் ஆலயங்களில் அதே மன்றாட்டோடு மண்டியிடுகிறார்கள்.

சம்பளத்துக்குப் போகும் பெண்ணை அழைத்தலுக்காக வந்த கன்னியோடு ஒப்பிடலாமா என்று சிலர் கேட்பார்கள். மிஷன் ஆசிரியையும் சம்பளம் பெற்றார், மடத்துப் பாடசாலையும் அரசின் உதவிப் பணம் பெற்றது. தன் பிள்ளைகளின் பசிக்காகப் பிறர் பிள்ளைகளை வளர்க்கப் போகும் தாயின் பணியை ஊழியம் அல்ல என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று கைபேசி இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. கைபேசி தூரத்தைச் சுருக்கியிருக்கிறது, ஆனால் உரையாடலின் தன்மையை மாற்றவில்லை. ஜோர்தானிலிருந்து இரவு பதினொரு மணிக்கு அழைக்கும் பெண், அம்மா கலங்குவாள், பிள்ளை பரீட்சை எழுத வேண்டும், கடன்காரன் காத்திருக்கிறான் என்று எண்ணி ‘நல்லா இருக்கிறன்’ என்றே சொல்கிறார். பொஸ்டனுக்குப் போன பழைய கடிதங்களும் அதையே சொல்லின. வீட்டாரைக் காக்க வேண்டிய கடமை இருக்கும்வரை வீட்டாரிடம் முழுத் துயரையும் இறக்கிவைக்க முடியாது. அதற்கு அதே வேலையை, அதே வெயிலை அறிந்த இன்னொரு பெண் பக்கத்தில் வேண்டும்.

அப்படியானவர்கள் இல்லாமல் இல்லை. பெய்ரூத்தில் கரித்தாஸ் 1990களிலிருந்து புலம்பெயர் பணியாளருக்கென நிலையம் நடத்தி, தப்பி வந்த பெண்களுக்குப் புகலிடம் தருகிறது. குவைத்திலும் அமீரகத்திலும் ஆலயங்கள் இருக்கின்றன, வார விடுமுறைப் பூசை முடிந்தபின் அவற்றின் முற்றங்கள் ஊர்ச் சந்தைபோல் நிறைகின்றன. சவூதியில் வெளிப்படையான கிறிஸ்தவ வழிபாட்டுக்கே இடமில்லை. ஆலயம் உள்ள நகரங்களிலும் வீட்டோடு தங்கி வேலைசெய்யும் பெண் அங்கே போக எசமானி கதவைத் திறக்க வேண்டும். புறப்படும் முன் கொழும்பில் தரப்படும் ஆசீர்வாதமும் செபமாலையும் அவரோடு போகும், அவரோடு பேச ஆள் போகாது. வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது, குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் வாராந்த விடுமுறையை உரிமையாக்கியிருக்கிறது. தொழிற்சட்ட விடயம் என்று நம் பங்குகள் இதை ஒதுக்கிவிடுகின்றன. கொட்டாஞ்சேனை மடத்தில் ஒரு சகோதரிக்குப் பொது மேசையும் மாலைச் செபமும் தந்ததை வளைகுடாவில் ஒரு பெண்ணுக்குத் தரக்கூடியது அந்த ஒரு நாள் விடுமுறைதான். வேலை ஒப்பந்தத்தில் அந்த நாள் எழுதப்பட்டிருக்கிறதா, எழுதப்பட்டது நடக்கிறதா என்று பணியகத்திடமும் தூதரகத்திடமும் விடாமல் கேட்பது பங்கின் செப ஊழியத்துக்கு உட்பட்ட வேலை.